பணம் போய்ச் சேர்ந்தது, கையெழுத்து மட்டும் என்னுடையது

கேள்வி:

ஐயா, வணக்கம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய துணைக் குத்தகை நிறுவனத்தில் 14 மாதங்களாகக் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். ஊழியர்கள் 30 பேருக்குள்தான். பெரும்பாலோர் நம் ஊர்ப் பக்கத்துத் தம்பிகள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சென்ற மாதம் மனிதவள அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. கடந்த 2 ஆண்டுச் சம்பளப் பதிவுகளையும் நேர அட்டைகளையும் இந்த மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். எடுத்துப் பார்த்தால் பல சம்பள வவுச்சர்களில் ஊழியரின் கையெழுத்தே இல்லை. முதலாளி சொன்னபடி மூன்று பேரின் 5 மாத வவுச்சர்களில், அதாவது 15 தாள்களில், அவர்கள் பெயரில் நானே கையெழுத்துப் போட்டேன். மூவரில் ஒருவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவரிடம் போனில் கேட்டபோது, "அக்கா, நீங்களே போட்டுவிடுங்கள்" என்றார். பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை.

அதற்குப் பிறகு நேர அட்டைகள். ஒரே லாரியில் போய் வரும் இரண்டு பேரின் அட்டைகளில் மாத ஓவர்டைம் 91 மணி நேரம் என்று இருந்தது. 72-ஐத் தாண்டக் கூடாது என்று முதலாளி சொன்னதால் வெள்ளை மை தடவி ஒன்பதை ஏழாக்கினேன். அந்த 20 மணி நேரக் காசைக் கையில் கொடுத்துவிட்டதாக அவர் சொல்கிறார். இப்போது நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய 10 மாத வவுச்சர்களையும் பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம். "எல்லா நிறுவனத்திலும் நடப்பதுதான், உன் பெயர் எங்கும் வராது" என்கிறார்.

நான் நிரந்தரவாசி. மகள் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். நான் செய்தது குற்றமா? போட்டதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? தூக்கம் போய்விட்டது ஐயா.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்காங்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் வெள்ளிக்கிழமை விஷயத்தைப் பேசிவிடுவோம். அந்த 10 மாத வவுச்சர்களை எழுதாதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். முதலாளி கோபப்பட்டாலும், கெஞ்சினாலும், "இது கடைசி" என்றாலும் வேண்டாம். அவருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புங்கள்: "ஐயா, ஊழியர் பெயரில் கையெழுத்துப் போடுவதும் பழைய தேதி போட்டு எழுதுவதும் என்னால் முடியாது. உள்ள பதிவுகளை உள்ளபடியே தொகுத்துத் தருகிறேன்." மரியாதையான சொற்கள்தான். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக மறுத்ததற்குப் பின்னாளில் சாட்சி இருக்காது.

இனி நீங்கள் கேட்டது. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடந்திருந்தால், செய்தது குற்றம்தான். இதை மெதுவாகச் சொல்லி உங்களை ஆறுதல்படுத்த எனக்கும் ஆசைதான். ஆனால் உங்களைக் காப்பாற்றக்கூடியது நிலைமையைச் சரியாகப் புரிந்துகொள்வது மட்டுமே.

"பணம் போய்ச் சேர்ந்தது உண்மை" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் இத்தனை நாள் நின்றிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். விஷயம் உண்மை, தாளை மட்டும்தான் நாங்கள் தயார் செய்தோம் என்பார்கள். சட்டம் பார்ப்பது வேறு இடத்தை. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 464-ஆம் பிரிவு, பொய்யாவணம் என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒருவர் கையெழுத்திடாத தாளை அவரே கையெழுத்திட்டதாக நம்பவைக்கும் நோக்கத்தோடு, நேர்மையின்றியோ மோசடியாகவோ உருவாக்கினால் அது பொய்யாவணம். ஒரு நாளில் எழுதியதை வேறொரு நாளில் எழுதியதாக நம்பவைத்தாலும் அப்படித்தான். முறையாக எழுதி முடித்த ஆவணத்தின் முக்கியமான பகுதியை அதிகாரமின்றி அழித்தோ திருத்தியோ மாற்றினாலும் அப்படித்தான். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றும் இருக்கின்றன. 15 வவுச்சர்கள் முதல் வகை. நேர அட்டை மூன்றாவது வகை. வெள்ளிக்கிழமை செய்யச் சொல்வது இரண்டாவது வகை.

வழக்கறிஞர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு: பொய்யாவணம் என்பது தன்னைப் பற்றியே பொய் சொல்லும் தாள். "இவருக்கு 800 வெள்ளி கொடுக்கப்பட்டது" என்ற செய்தி உண்மையாகவே இருக்கட்டும். "இதை வாங்கிக்கொண்டவன் நான், இது என் கை" என்று கீழே இருக்கும் கையெழுத்து சொல்கிறதே, அது பொய். அந்தக் கையெழுத்துக்காகத்தான் அதிகாரி அந்தத் தாளைக் கேட்கிறார். கொடுத்தவர் சொல்வதை அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். வாங்கியவர் ஒப்புக்கொண்டாரா என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

"நேர்மையின்றியோ மோசடியாகவோ" என்ற சொற்களைக் கவனித்திருப்பீர்கள். தப்பிக்க அங்கே இடம் இருக்கிறதே, நான் யாருடைய காசையும் எடுக்கவில்லையே என்று தோன்றும். மோசடி என்பதற்குச் சட்டம் தரும் பொருள் காசோடு நிற்பதில்லை. ஒருவரை ஏமாற்றி, அதனால் தனக்கோ இன்னொருவருக்கோ ஓர் அனுகூலம் கிடைக்க வேண்டும் அல்லது யாருக்காவது ஒரு பாதகம் நேர வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் போதும். அது தற்காலிகமானதா நிரந்தரமானதா என்பதுகூடப் பொருட்டல்ல. அமைச்சின் அதிகாரியை ஏமாற்றி நிறுவனத்துக்குச் சோதனையிலிருந்து விடுதலை வாங்கித் தருவது அனுகூலம்தானே. உங்கள் நோக்கம் என்ன என்பதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. உங்கள் வழக்கறிஞர் அதை ஆராய்வார். ஆனால் "யாருக்கும் நட்டமில்லை" என்ற ஒரே தூணில் முழு வீட்டையும் கட்டிவிடாதீர்கள்.

போனில் சம்மதம் சொன்ன தம்பியின் நிலை கொஞ்சம் வேறு. ஒருவர் அதிகாரம் கொடுத்து, அவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்திடுவது உலகில் நடப்பதுதான். அப்படியானால் "இன்னாருக்காக" என்று எழுதி உங்கள் பெயரில் கையெழுத்திட்டு, அன்றைய தேதியைப் போட்டிருக்க வேண்டும். யாரும் உங்களைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் அவருடைய கையெழுத்தைப் போலவே போட்டீர்கள் என்றால், பார்ப்பவர் அதை அவர் கை என்று நம்ப வேண்டும் என்றுதானே போட்டீர்கள்? அவர் சம்மதம் உங்களுக்கு ஓரளவு உதவும். மற்ற இருவர் விஷயத்தில் அதுவும் இல்லை.

தண்டனை பற்றி. பொய்யாவணம் தயாரித்ததற்கு 465-ஆம் பிரிவில் 4 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொய்யானது என்று தெரிந்தே அதை உண்மையானதாகப் பயன்படுத்துவது 471-ஆம் பிரிவில் தனிக் குற்றம். தண்டனை அதே அளவு. கணக்குப் பதிவுகளைத் திருத்தும் ஊழியர்களுக்கென்றே 477ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மோசடி நோக்கத்தோடு முதலாளியின் கணக்கேட்டையோ தாளையோ மின்பதிவையோ திருத்தினாலும் அழித்தாலும் 10 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏமாற்றுவதற்காகவே செய்த பொய்யாவணத்துக்கு 468-ஆம் பிரிவிலும் உச்சவரம்பு 10 ஆண்டு. இவை உச்சவரம்புகள். உங்களுக்கு இதுதான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவச் சான்றிதழில் தேதியை மாற்றியவர்கள் அபராதத்தோடு தப்பியதும் உண்டு, சிறைக்குப் போனதும் உண்டு. (எம்சி எனப்படும் அந்தச் சான்றிதழ் விஷயமாகவும் நிறையக் கடிதங்கள் வருகின்றன. கைப்பேசியில் ஒரு எண்ணை மாற்றுவதுதானே என்று நினைக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லுங்கள்: சட்டத்தில் மின்பதிவும் தாளும் ஒன்றுதான்.)

ஊரில் யாரையாவது திட்டும்போது "சரியான ஃபோர் ட்வென்டி" என்போம். ஏமாற்றுதலுக்கான அந்த 420 இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து எண்கள் மாறிவிட்டன. இங்கே 1871-ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது, பலமுறை திருத்தப்பட்டும் அதே எண்களோடு நடக்கிறது. ஊரில் உள்ள உறவுக்கார வக்கீல் பழைய எண்களில் 465, 471 என்று சொன்னால் எண் பொருந்தும். தண்டனை அளவும் வழக்கு நடக்கும் முறையும் பொருந்தாது. அவரிடம் கேட்டுவிட்டு இங்கே முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை அதிகம் உறுத்தியது வவுச்சர்கள்கூட இல்லை. அந்த நேர அட்டைதான். ஒன்பதை ஏழாக்கினேன் என்று எவ்வளவு சின்னதாக எழுதிவிட்டீர்கள். அந்த அட்டையை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை மைக்குப் பின்னால் ஒன்பதின் வட்டம் தெரியும். அதிகாரிக்கும் தெரியும். அதைவிட முக்கியம், அந்தத் தம்பிகளின் கைப்பேசியிலும் தெரியலாம். இங்கே வேலை பார்க்கும் பல ஊழியர்கள் மாதக் கடைசியில் நேர அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். சிலர் சின்ன நோட்டில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்று குறித்தே வருவார்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

அந்த 20 மணி நேரம் என்ன என்று கணக்குப் போடுவோம். மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சம்பளத்தை 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 20 காசு. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். 20 மணி நேரத்துக்கு 126 வெள்ளி. கையில் கொடுத்துவிட்டதாக முதலாளி சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்களா? ஒன்றரை மடங்காகக் கொடுத்தாரா, சாதாரண மணிக்கணக்கில் கொடுத்தாரா? உங்கள் கடிதத்தில் வவுச்சர் பணத்தைப் பற்றி "உண்மை" என்று எழுதிய நீங்கள், இந்தக் காசைப் பற்றி "சொல்கிறார்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்களை அறியாமலே சரியாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காசு போய்ச் சேராமல் இருந்தால், அதைக் கேட்க அந்தத் தம்பிக்கு இருக்கும் முக்கியமான எழுத்து ஆதாரத்தை உங்கள் கை அழித்துவிட்டது. ஊருக்குப் போய்விட்டவருக்கும் இதே ஆபத்து. வேலையை விட்டவர் சம்பளப் புகார் கொடுக்கக் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். அவர் புகார் கொடுக்கும் நாளில், "இதோ வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்று ஒரு தாள் எடுத்து நீட்டப்பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்களை அக்கா என்று கூப்பிட்டவர் அவர்.

இதைச் சொல்லிவிட்டு, முதலாளியின் பயத்தையும் பார்க்க வேண்டும். மாத ஓவர்டைமுக்குச் சட்டம் வைத்திருக்கும் 72 மணி நேர வரம்பைத் தாண்டியது மீறல்தான். அதற்கு விலக்கு கேட்டு அமைச்சுக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. அவர் விண்ணப்பிக்கவில்லை போலிருக்கிறது. 2 ஆண்டுப் பதிவுகளை முறையாக வைத்திருக்காததும் மீறல்தான். அது நிர்வாக அபராதத்தில் அடங்கக்கூடிய வகை. அந்த ஓட்டையை மூட அவர் தேர்ந்தெடுத்த வழியோ சிறைத்தண்டனைக்குரியது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அது இதுதான். இதில் கொளுத்தச் சொன்னவர் அவர். தீக்குச்சி உங்கள் கையில் இருக்கிறது.

"உன் பெயர் எங்கும் வராது" என்பது பொய். அவர் வேண்டுமென்று பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 15 தாள்களையும் வரிசையாக மேசையில் பரப்பினால் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஐந்து வெவ்வேறு மாதங்களில் மூன்று வெவ்வேறு ஆண்கள் போட்ட கையெழுத்து அப்படி இருக்காது. வவுச்சர் புத்தகத்தில் கார்பன் நகல் இருந்தால் அதில் கையெழுத்து இருக்காது. மேல்தாளில் மட்டும் இருக்கும். கணினியில் தயாரித்திருந்தால் கோப்பு எந்த நாளில் உருவானது என்பது அந்தக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கடைசியில் அதிகாரி அந்தத் தம்பியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: இது உன் கையெழுத்தா?

அப்போது "முதலாளி சொன்னார், வேலை போய்விடும் என்று பயந்தேன்" என்று சொல்வீர்கள். அது குற்றத்திலிருந்து உங்களை விடுவிக்காது. மிரட்டலுக்குப் பணிந்து செய்தால் குற்றமில்லை என்று 94-ஆம் பிரிவு சொல்கிறது; ஆனால் அந்த மிரட்டல் உடனடியாக உயிர் போகும் என்ற நியாயமான அச்சத்தைத் தருவதாக இருக்க வேண்டும். வேலை போகும், பாஸ் போகும், சம்பளம் நிற்கும் என்பதெல்லாம் அதில் சேராது. தண்டனையைக் குறைக்கச் சொல்லும்போது அதைச் சொல்லலாம், நீதிபதி கேட்பார். முதலாளியும் தப்ப முடியாது. தூண்டிவிட்டவருக்கும் செய்தவருக்குரிய தண்டனைதான். ஆனால் அவர் சொன்னார் என்பதை யார் நிரூபிப்பது? அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், குரல் பதிவுகள் ஏதாவது உங்கள் கைப்பேசியில் இருந்தால் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

அழிப்பது என்றதும் உங்கள் அடுத்த கேள்வி. போட்டதைக் கிழித்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது, இன்னும் மோசமாகும். அமைச்சு கேட்டுக் கடிதம் அனுப்பிய பிறகு அந்தத் தாள்கள் ஆதாரம். அவற்றை அழிப்பது நீதியின் போக்கைத் தடுப்பதாக 204ஏ பிரிவில் பார்க்கப்படலாம். அதற்கு 7 ஆண்டு வரை சிறை. இதே காரணத்துக்காக அந்த மூன்று பேருக்கும் போன் செய்து, "யாராவது கேட்டால் நீயே போட்டதாகச் சொல்" என்று சொல்லிவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் பேசுகிறேன் என்றாலும் இப்போது வேண்டாம். நல்ல மனதோடு பேசியதுகூடச் சாட்சியைக் கலைத்ததாகத் தெரியும். நேர அட்டையில் மீண்டும் வெள்ளை மை தடவி 7-ஐ 9 ஆக்கவும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு நிம்மதி தந்த ஒரு விஷயம் உண்டு. அந்தத் தாள்கள் இன்னும் அமைச்சிடம் போகவில்லை. பொய்யாவணத்தைத் தயாரித்த குற்றம் கையெழுத்துப் போட்ட அன்றே முடிந்துவிட்டது, அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதைப் பயன்படுத்தும் குற்றமும், அரசு அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுக்கும் குற்றமும் இன்னும் நடக்கவில்லை. 182-ஆம் பிரிவில் அந்தப் பொய்த் தகவலுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. இந்த இரண்டையும் தடுத்து நிறுத்தினவர் நீங்கள் என்று பின்னாளில் ஒரு பதிவு இருந்தால், உங்கள் வழக்கறிஞர் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு எழுதும் முறையீட்டில் அதுதான் முதல் வரியாக இருக்கும். வழக்கே போடாமல் கடும் எச்சரிக்கையோடு விடுவதா, எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. இப்படித்தான் முடியும் என்று நான் உறுதி தர முடியாது. இன்றைக்கு நிறுத்தியவருக்கும் பிடிபடும் வரை தொடர்ந்தவருக்கும் இடையே வித்தியாசம் பார்க்கப்படும் என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்வேன்.

ஆகவே இந்த வாரமே ஒரு குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் வேண்டாம். "நம் வக்கீலிடம் பேசு, அவர் எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்" என்று முதலாளி சொல்லக்கூடும். அவர் நிறுவனத்துக்காகப் பேசுபவர். உங்கள் நலனும் நிறுவனத்தின் நலனும் இப்போது ஒன்றல்ல. உங்கள் வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உங்கள் அனுமதியின்றி அவர் அதை வெளியே சொல்ல முடியாது. அதனால் அவரிடம் எதையும் குறைத்துச் சொல்லாதீர்கள். நானாக இருந்தால், அமைச்சின் காலக்கெடுவுக்கு முன்பே வழக்கறிஞரோடு போய் நடந்ததைச் சொல்வதைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். ஆனால் எப்போது, யாரிடம், எந்த வடிவில் என்பதை உங்கள் தாள்களைக் கண்ணால் பார்த்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடிதத்தை மட்டும் படித்த நான் செய்யக் கூடாது.

கட்டணத்தை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். பல வட்டாரங்களில் இலவசச் சட்ட ஆலோசனை நேரங்கள் உண்டு. பதிவு செய்துகொண்டு போகலாம். வழக்கு என்று வந்து, வருமான வரம்புக்குள் இருந்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய பொதுத் தற்காப்பு அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வழக்கறிஞரைத் தரும். புரோ போனோ எஸ்ஜி என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பு நடத்தும் குற்றவியல் சட்ட உதவித் திட்டமும் இருக்கிறது.

விசாரணைக்குக் கூப்பிட்டால் போக வேண்டும். போலீஸ் அதிகாரி கேட்பதற்கு உண்மையைச் சொல்லக் கடமை உண்டு. உங்களையே குற்றத்துக்கு ஆளாக்கக்கூடியதைச் சொல்லாமல் இருக்கும் உரிமையும் உண்டு. எது எந்த இடத்தில் பொருந்தும் என்பதை முன்கூட்டியே உங்கள் வழக்கறிஞரோடு பேசி வையுங்கள். பொய் மட்டும் எந்த இடத்திலும் பொருந்தாது. ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் பதற்றத்தில் சொல் தடுமாறும். தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். எழுதிய வாக்குமூலத்தைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறாக இருக்கும் வரியைத் திருத்தச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நிரந்தரவாசி என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டனை பெற்றால் அந்தத் தகுதிக்கான மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போது அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும். தகுதி தானாகவே பறிபோகும் என்று பயந்து சாகவும் வேண்டாம். மகளிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கணவரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலாளி உங்களை வேலையை விட்டு அனுப்பினால்? சட்டவிரோதமான காரியத்தைச் செய்ய மறுத்ததற்காக நீக்கப்பட்டதாகத் தோன்றினால், கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் நியாயமற்ற பணிநீக்கப் புகார் கொடுக்க வேண்டும். அவகாசம் குறைவு, தேதியைக் குறித்து வையுங்கள்.

அந்த 10 மாத வவுச்சர்களுக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு, அதை முதலாளியிடம் சொல்லலாம். வங்கி வழியாகச் சம்பளம் போயிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையே போதுமான ஆதாரம். வவுச்சரில் கையெழுத்து இல்லை என்பது பெரிய குறையே ஆகாது. ரொக்கமாகக் கொடுத்த மாதங்களுக்கு, இப்போதும் வேலையில் இருக்கும் ஊழியரிடம், "இன்ன மாதத்துச் சம்பளம் இவ்வளவு அப்போதே பெற்றேன், இதை இன்று எழுதிக் கொடுக்கிறேன்" என்று அவருக்குப் புரியும் மொழியில், இன்றைய தேதியோடு, அவரே விரும்பினால் எழுதி வாங்கலாம். அதை முதலாளி பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் போய் ஊழியரிடம் வாங்க வேண்டாம். பதிவே இல்லாத மாதங்களுக்குப் பதிவு இல்லை என்றே எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் எந்தத் தாளும் தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அலுவலகத் தாள்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவை நிறுவனத்தின் பொருள், எடுத்தால் அதற்கும் ஒரு புகார் வரும். வீட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டில் நினைவிலிருந்து எழுதுங்கள்: எந்த நாள், எந்த 15 தாள், எந்த மூவர், எந்த இரண்டு அட்டை, முதலாளி எங்கே நின்று என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள். நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றே எழுதுங்கள். உங்கள் வேலை ஒப்பந்தம், அடையாள அட்டை, முதலாளியின் செய்திகள் உள்ள கைப்பேசி ஆகியவை கையில் இருக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தில், எழுதும் அன்றைய தேதியைப் போடுங்கள்.